மராமத்து: ஒரு சொல்லும் ஓர் ஏரியும்

அரபு மொழியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தமிழுக்கு வந்து, ஊர்ப்புறத்து உழவரின் நாவிலும் நிலைத்துவிட்ட சொற்கள் பல. ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், ஜமாபந்தி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பெரும்பாலானவை அரசு குடிகளிடமிருந்து வாங்கிக்கொள்வதைப் பற்றியவை. அரசும் ஊரும் சேர்ந்து ஒன்றைப் பேணிக் காப்பதைப் பற்றிய சொல் இவ்வரிசையில் தேடினால், முதலில் கிடைப்பது 'மராமத்து'.

இச்சொல்லின் வேர் அரபியில் 'ற-ம்-ம்' என்னும் மூன்றெழுத்து. பழுதுற்ற கட்டடத்தைச் செப்பனிடுவதற்கு 'ரம்ம' என்பர். அவ்வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் பாரசீகத்தின் வழியாக 'மரம்மத்' ஆகி, தமிழில் 'மராமத்து' ஆயிற்று. ஆனால் இதே வேருக்கு வேறொரு பொருளும் உண்டு. யாஸீன் அத்தியாயத்தை ஓதிப் பழகியவர்கள் 'ரமீம்' என்னும் சொல்லை அறிவார்கள். இற்று உளுத்துப்போன எலும்பைக் குறிக்கும் சொல் அது. இற்றுப்போவதும் ஒரே வேர். இற்றதைச் சீர்செய்வதும் ஒரே வேர். பழுதும் பழுது பார்த்தலும் ஒரு கருவில் பிறந்த இரட்டையர் என்று அம்மொழி கருதியது போலும். இந்த இரட்டையரின் வரலாற்றைக் காண விரும்புவோர்க்குத் தொண்டை மண்டலத்து ஏரிகளைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. அவற்றுள் தாமல் ஏரியை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

தாமலும் அதன் நீரும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பழைய ஊர் தாமல். தொண்டை மண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்திருந்த காலத்தில், அவற்றுள் ஒன்று இவ்வூரின் பெயராலேயே தாமர்க் கோட்டம் எனக் கல்வெட்டுகளில் வழங்கிற்று. காஞ்சி வட்டாரத்தின் பெரிய ஏரிகளுள் தாமல் ஏரியும் ஒன்று. மழைநீரோடு பாலாற்றிலிருந்து கால்வாய் வழி வரும் நீரும் இதனை நிரப்புகிறது. தாமல் பக்கத்தில் தோன்றும் வேகவதி, பட்டு நெய்யும் காஞ்சி நகரத்தின் வழியே ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. ஆகவே தாமலின் நீர் தாமலுக்கு மட்டும் உரியதன்று. அங்கே கரை பலமாக இருந்தால் காஞ்சியின் தெருக்கள் காய்ந்திருக்கும். அங்கே நீர் தேங்கினால் கீழேயுள்ள கிணறுகள் ஊறும்.

இவ்வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது குறைவான மழையன்று. ஆனால் அதில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிய வடகிழக்குப் பருவத்தில், எண்ணிச் சொல்லத்தக்க சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, வெள்ளம் வரும் சில நாள்களில் மட்டும் ஆறாக ஓடும். அந்த நாள்களில் வருவதைப் பிடித்து வைத்தவன் மறு கோடையில் பிழைப்பான்; விட்டவன் வெள்ளத்திலும் துன்புறுவான், வறட்சியிலும் துன்புறுவான். வெள்ளமும் வறட்சியும் இரண்டு பகைவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். முன்னோர் அவற்றை ஒரே நீரின் இரு நிலைகளாகக் கண்டனர். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வெல்ல ஏரி என்னும் கருவியை அமைத்தனர்.

ஏரிகள் தனித்தனியாக வெட்டப்படவில்லை. மேலூர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் வழிந்து கீழூர் ஏரிக்குச் செல்லும்; அது நிரம்பினால் அடுத்ததற்குச் செல்லும். இச்சங்கிலியில் ஒவ்வோர் ஏரியும் வெள்ளத்தின் வேகத்தைச் சிறிது குறைக்கிறது. சிறிதளவு நீரை நிலத்தடியில் இறக்குகிறது. அதே காரணத்தால், மேலே ஒரு கரை உடைந்தால் அந்த நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழேயுள்ள கரையின்மேல் பாய்ந்து, அதனையும் உடைக்கக்கூடும். எனவே மேலூரானின் சோம்பல் கீழூரானின் சாவாகும். இச்சங்கிலியைக் கட்டியது ஒருமுறை செய்த வேலை. ஆண்டுதோறும் வண்டல் வாரி, கரைக்கு மண் ஏற்றி, வரத்துக்கால் திருத்தி, மதகைப் பழுது பார்ப்பது முடிவேயில்லாத வேலை.

பல்லவரும் சோழரும்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அங்குள்ள அவனது கல்வெட்டு, அருகிலுள்ள ஏரியை 'மகேந்திர தடாகம்' என்று கூறுகிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன், காஞ்சியை அடுத்த கூரம் பகுதியில் 'பரமேசுவர தடாகம்' அமைத்து, பாலாற்றிலிருந்து 'பெரும்பிடுகு' என்னும் கால்வாய் வெட்டி அதற்கு நீர் கொணர்ந்தான். கூரம் செப்பேடுகள் இதனைச் சொல்கின்றன. ஆற்றில் வெள்ளம் போகும் சில நாள்களுக்குள் அதில் ஒரு பங்கைத் திருப்பி ஏரியில் சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றே கால்கொண்டுவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் சிறப்புற்ற காவேரிப்பாக்கம், அவனது விருதுப்பெயரால் 'அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்' என வழங்கிற்று. அவ்வூர் ஏரி இன்றும் தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று.

மன்னர்கள் ஏரி வெட்டினர் என்பதில் வியப்பில்லை. ஊரார் அதனை எவ்வாறு காத்தனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உலகறிந்தவை. குடவோலை முறையில் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் ஒன்று. அவர்களின் பதவிக்காலம் 360 நாள். முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டவராகவும் எழுபதிற்கு உட்பட்டவராகவும் இருக்கவேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது.

இந்தக் கடைசி விதியைச் சிந்தித்துப் பாருங்கள். ஏரி வாரியத்தின் வலிமை அதன் அதிகாரத்தில் இருந்ததைவிட, அது காட்டவேண்டிய கணக்கில் இருந்தது. அக்காலத்துக் கல்வெட்டுகளில் ஏரிக்கென்றே விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்படுகிறது. ஏரியில் ஓடம் விட்டு வண்டல் வாருவதற்காகப் பொன்னும் நிலமும் அறமாக வைக்கப்பட்டன. முதல் அழியாமல் அதன் வருவாயைக் கொண்டு ஒரு நற்பணி என்றென்றும் நடந்துவர வேண்டும் என்ற அந்த அமைப்பை நாம் 'வக்ஃபு' என்னும் சொல்லால் எளிதில் புரிந்துகொள்வோம்.

அந்த அமைப்பை முழுவதும் போற்றிப் புகழ்வதற்கில்லை. வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் தேவைப்பட்டன. சேற்றில் இறங்கிய கூலியாளுக்கு ஓலையில் பெயர் இல்லை. இக்குறையைப் பின்னர் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

வாலென்சியாவும் மஆரிபும்

பராந்தகன் சோழநாட்டை ஆண்ட அதே காலத்தில், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்தலூசில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஆட்சி செய்தார். இன்று ஸ்பெயின் நாட்டின் கீழைக்கரையிலுள்ள வாலென்சியா அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே துரியா ஆற்றின் நீரைக் கால்வாய்களில் பகிர்ந்துகொள்ளும் உழவர்கள் தம்முள் எழும் வழக்கைத் தாமே தீர்த்துக்கொள்ள ஒரு மன்றம் வைத்திருந்தனர். அதன் தொடக்கத்தை வழிவழிச் செய்தி அவருடைய காலத்தோடு இணைக்கிறது. 1238இல் அந்நகரைக் கைப்பற்றிய முதலாம் ஜைமே மன்னர், முஸ்லிம்களின் பாசன வழக்கங்களை மாற்றாமல் தொடர விட்டார். இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் அங்குள்ள பெருங்கோயில் வாயிலில் அந்நீர்மன்றம் கூடுகிறது. உழவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே நடுவர்கள்; வழக்கு வாய்மொழியாகவே நடக்கும். யுனெஸ்கோ 2009இல் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அங்கே கால்வாய்க்கு வழங்கும் 'அசேக்கியா' என்னும் சொல் அரபு 'அஸ்ஸாகியா'வின் திரிபு.

உத்திரமேரூர் ஏரி வாரியமும் வாலென்சியா நீர்மன்றமும் ஒன்றையொன்று அறிந்தவையல்ல. ஆயினும் மழை நம்பத்தகாத இரண்டு நிலங்களில், நீரைப் பேணுவதற்கு ஊரார் பொறுப்பும் வெளிப்படையான விசாரணையும் வேண்டும் என்று இரண்டும் கண்டுகொண்டன. ஒன்று வாழ்கிறது, மற்றொன்று கல்லில் இருக்கிறது.

பழுது பார்ப்பது நின்றுபோனால் யாது நேரும் என்பதற்கு யமன் நாட்டின் மஆரிப் அணை சான்று. கிறிஸ்துவுக்கு முன் பல நூற்றாண்டுகளிலிருந்தே ஸபஉ மக்கள் அதனை மண்ணாலும் கல்லாலும் கட்டிப் பேணி, மழை அரிதான பாலைவன விளிம்பில் பயிர்செய்தனர். அணை உடைந்தது ஒருமுறையன்று. பலமுறை உடைந்தது, பலமுறை சீர்செய்யப்பட்டது. யானைப் படையின் வரலாற்றால் நாம் அறிந்த அப்ரஹா, ஆறாம் நூற்றாண்டின் இடையில் அதனைச் சீர்செய்து, ஒரு நெடிய கல்வெட்டும் பொறித்தான். அப்போது கொள்ளைநோய் பரவி வேலை தடைப்பட்டதையும் அக்கல்வெட்டு சொல்கிறது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அணை மீண்டும் உடைந்தபோது அதனைச் சீர்செய்ய அங்கே அரசும் இல்லை, ஊரும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் அறிஞர் ஹம்தானி தம் 'அல்இக்லீல்' நூலில் விவரித்தது அணையின் இடிபாடுகளையே. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பேணப்பட்ட அணையின் வாழ்வு, பேணுவார் இல்லாதபோது முடிந்தது.

நவாபும் கும்பினியும்

தொண்டை மண்டலத்திற்குத் திரும்புவோம். பாலாற்றங்கரை ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்ட நவாபுகளின் ஆட்சியில்தான் மராமத்து முதலிய சொற்கள் இங்கே நிலைபெற்றன. 1763இல் நவாபு முஹம்மது அலி வாலாஜா, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின் வந்த ஆண்டுகளில் தாமஸ் பர்னார்டு அச்சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர் விளைச்சலிலிருந்து கணக்கர், வெட்டியான், கொல்லர், தச்சர் முதலியோர்க்கு எடுத்துவைக்கும் பங்குகளோடு, ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது அக்கணக்கால் தெரிகிறது. அஃதாவது, அரசு தன் வரியை எடுப்பதற்கு முன்னரே ஏரி தன் பங்கைப் பெற்றுக்கொண்டது.

1780இல் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் இச்சீமையில் மோதின. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினியின் படைப்பிரிவு ஒன்று அழிந்தது. போரினாலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் குடிகள் சிதறினர். ஏரிகள் கவனிப்பாரின்றித் தூர்ந்தன. 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பாழான ஏரிகளைச் சீர்செய்யும் பணியை மேற்கொண்டார். மதுராந்தகம் ஏரிக்கரையை அவர் பலப்படுத்தியதன் நினைவு அவ்வூர் இராமர் கோயிலில் கல்லெழுத்தாக இருக்கிறது. ஆனால் அதிக வரி வசூலிக்கவும் அவர் கண்டிப்புக் காட்டினார். ஊரின் பொது விளைச்சலிலிருந்து எடுத்துவைக்கும் பங்குகள் படிப்படியாகத் தேய்ந்தன. பின்னர் ரயத்துவாரி முறையில் உழவன் ஒவ்வொருவனும் தனித்தனியே அரசுக்கு வரி செலுத்தத் தொடங்கியபோது, ஊரின் பொதுக் கையில் ஏரிக்கென்று இருந்த பணம் மறைந்தது.

பணம் மறைந்த பிறகும் பணி மட்டும் குடிகளின் தலையில் இருந்தது. இதுவே 'குடிமராமத்து'. மரபாக ஊரார் செய்துவந்த இவ்வேலையை 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் கட்டாயமாக்கிற்று. வழக்கப்படி வேலை தராதவர்க்குத் தண்டம் விதித்தது. கரை உடையும் நெருக்கடியில், உழைப்பாளர் வகுப்பினரைப் பிடித்து வேலை வாங்கவும் அச்சட்டம் இடம் தந்தது. உத்திரமேரூரில் கண்ட குறை இங்கே முற்றிற்று. வயலின் பயன் நிலமுடையவனுக்கு. கரையின் மண்கூடை நிலமற்றவன் தலைக்கு. அவ்வாறு வாங்கிய உழைப்பில் ஊர்ப்பற்று எவ்வாறு தழைக்கும்? குடிமராமத்து அழிந்ததற்கு அரசின் பாராமுகம் ஒரு காரணம். அதில் படிந்திருந்த அநீதி மற்றொரு காரணம்.

அதே காலத்தில் அரசு பாலாற்றின் குறுக்கே வாலாஜா அருகே அணைக்கட்டு எழுப்பியது. அதன் கால்வாய்கள் பழைய ஏரிகள் பலவற்றிற்கு வெள்ளநீரைப் பகிர்ந்தளிக்கின்றன. பரமேசுவரவர்மன் செய்ததன் விரிவு என்றே இதனைக் கொள்ளலாம். ஆயினும் 1876இல் பருவமழை பொய்த்து, தாதுவருடப் பஞ்சம் வந்தபோது, சென்னை மாகாணத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். அதன்பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. பழுது முற்றி, பிணம் விழுந்த பிறகே மராமத்து என்னும் வழக்கம் அன்று தொடங்கியது. இன்னும் நம்மை விட்டு நீங்கியபாடில்லை.

மேலூரும் கீழூரும்

1903 நவம்பரில் மைசூர் நாட்டிலுள்ள பேத்தமங்கலம் ஏரி உடைந்து, பாலாற்றில் பாய்ந்த வெள்ளம் வாணியம்பாடியை மூழ்கடித்தது, பலர் மாண்டனர். ஏரிச்சங்கிலியின் விதியை அவ்வூர் அன்று உயிர்கொடுத்து அறிந்தது. மேலூரின் கரை கீழூரின் உயிர்.

அந்த விதி தண்ணீரின் அளவுக்கு மட்டுமன்று, அதன் தூய்மைக்கும் பொருந்தும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் செழித்தது. நம் சமுதாயத்தார் அதில் பெரும்பங்கு கொண்டு, அதன் வருவாயால் பள்ளிகளும் கல்லூரிகளும் மதரஸாக்களும் கண்டனர். அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டுக்குரிய சட்டமாக்கியது. மறைக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு கையால் அறம் செய்து, மறு கையால் கீழூரானின் கிணற்றைக் கெடுத்தால் கணக்கு நேராகாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்மோட்டாரும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தன. தனக்கென ஒரு கிணறு உடையவனுக்கு ஏரி தேவையில்லை என்று தோன்றியது. அந்தக் கிணற்றுக்கு நீர் ஊட்டுவதே ஏரிதான் என்பதை அவன் மறந்தான். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருந்தும், 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேராக இருந்த ஏரிப்பாசனம், பின்னர் பாதியளவுக்குக் குறைந்தது. உள்வாயில் சீமைக் கருவேலம் அடர்ந்தது. வரத்துக்கால்களில் வீடுகள் எழுந்தன. பாலாற்று மணல் லாரிகளில் ஏறியது.

மாறிவரும் பருவம்

இவ்வளவு பழுதான நிலையில்தான் பருவநிலை மாற்றம் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்று 420ஐக் கடந்துவிட்டது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்நீராவி இறங்கும்போது ஒரே நாளில் கொட்டும்; இறங்காதபோது நிலத்தை விரைவாக உலர்த்தும்.

நம் சீமை கண்டதைச் சொல்வோம். 2015 டிசம்பர் முதல் நாளையொட்டிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறந்துவிடப்பட்டது, சென்னை மூழ்கியது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். ஆறே ஆண்டுகளில் வெள்ளம், வறட்சி, மீண்டும் வெள்ளம்.

நீர்மன்றம் தவறாமல் கூடும் வாலென்சியாவும் தப்பவில்லை. 2024 அக்டோபர் 29இல் அந்நகருக்கு மேற்கேயுள்ள சீவா என்னும் ஊரில் எட்டு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்பகுதியில் 220க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1957 வெள்ளத்திற்குப் பின் துரியா ஆற்றை நகருக்கு வெளியே திருப்பிவிட்டிருந்ததால், நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பியது. வெள்ளம் புரண்டோடும் தாழ்நிலங்களில் வீடு கட்டிய புறநகர்கள் அழிந்தன. பாசன வழக்கைத் தீர்க்கும் மன்றம் மட்டும் போதாது. நீர் போகும் வழியை நீருக்கு விடவும் வேண்டும் என்பது அங்கிருந்து வந்த பாடம்.

இருவகைக் கடமை

பருவநிலை அறிஞர்கள் இரண்டு கடமைகளைக் கூறுகின்றனர். மாற்றத்தின் காரணத்தைக் குறைப்பது தணிப்பு. வந்துவிட்ட மாற்றத்தைத் தாங்கி வாழ வழிசெய்வது தகவமைப்பு. முதலாவதில் பெரும்பொறுப்பு, நூறாண்டுகளுக்கு மேலாக நிலக்கரி எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளுடையது. தாமல் உழவரோ காஞ்சி நெசவாளரோ இப்பழுதை உண்டாக்கவில்லை. ஆயினும் மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினால், நெசவாளர் குடும்பம் அன்றாடக் கூலியை இழக்கிறது. வேகவதியின் கரையில் குடியேறியவர்கள் வேறிடம் வாங்க வழியற்ற ஏழைகள். மேலூர் செய்த பழுதைக் கீழூர் சுமக்கும் கதையே உலக அளவிலும் நடைபெறுகிறது.

ஆனாலும் நம் கைக்கு எட்டும் தணிப்பு ஒன்று உண்டு. வயலில் இடைவிடாது நீர் தேங்கி நின்றால், சேற்றிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது கரியமில வாயுவினும் வலியது. நெற்பயிருக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' வேண்டும் என்பது நம் உழவரின் பழைய வழக்குமொழி. அவ்வாறு நீரை வற்றவிட்டுப் பாய்ச்சினால், மீத்தேன் ஏறத்தாழ பாதி வரை குறையும் என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன, நீரும் மிஞ்சுகிறது. ஆனால் நாளைக்கு மதகு திறக்கும் என்ற உறுதி இருந்தால்தான் உழவன் இன்றைக்கு வயலைக் காயவிடுவான். அந்த உறுதியைத் தருவது சீரான ஏரி. தணிப்பும் தகவமைப்பும் ஒரே மதகில் சந்திக்கின்றன.

தமிழக அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 1519 நீர்நிலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏரி வண்டலை உழவர்கள் இலவசமாக வயலுக்கு எடுத்துச்செல்லவும் இசைவு தந்தது. வண்டல் வாரினால் ஏரியில் இடம் கூடும். வயலில் உரம் சேரும். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் தருகிறது. 2022இல் பருவநிலை மாற்ற இயக்கமும் அமைக்கப்பட்டது. பெயரும் பணமும் சட்டமும் இருக்கின்றன. வரலாற்றைப் பார்த்தவர்க்கு எஞ்சி நிற்கும் வினா ஒன்றுதான்: இந்த ஆண்டு வாரிய வண்டல் அடுத்த ஆண்டும் வந்து படியுமே, அப்போது வாருவது யார் பொறுப்பு? கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது என்னும் விதி எங்கே?

செய்யத்தக்கவை அரியவையல்ல. ஏரிதோறும் ஒரு குழு வேண்டும். அதில் நிலமுடையவரோடு நிலமற்றவரும், ஆண்களோடு பெண்களும், மீன் பிடிப்பவரும் ஆடுமாடு மேய்ப்பவரும் இருக்கவேண்டும். உழைப்புக்கு முறையான கூலி வேண்டும். மண்கூடை ஒருவர் தலைக்கு, விளைச்சல் இன்னொருவர் களஞ்சியத்துக்கு என்ற பழைய அநீதி மீளக்கூடாது. ஐப்பசிக்கு முன் கரையும் மதகும் கலங்கலும் பார்வையிடப்பட்டு, கணக்கு ஊரறியப் படிக்கப்படவேண்டும். வேகவதிக் கரையிலிருந்து மக்களை அகற்ற நேர்ந்தால், அவர்களுடைய தறிக்கும் பிழைப்புக்கும் முதலில் இடம் தந்த பிறகே அகற்ற வேண்டும். பள்ளிவாசல், கோயில் ஆகியவற்றின் நிலங்களிலுள்ள குளங்களும் கிணறுகளும் இந்தச் சங்கிலியின் கண்ணிகளே. அவற்றின் பொறுப்பாளர்கள் யாருடைய ஆணையையும் எதிர்பாராமல் தூர் வாரலாம்.

ஏரி மட்டும் பருவநிலை மாற்றத்தை நிறுத்திவிடும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் நன்றாகப் பேணிய ஏரியும் நிரம்பி வழியும். ஆனால் பேணிய ஏரி வழியும்; பேணாத ஏரி உடையும். வழிவதற்கும் உடைவதற்கும் இடையேயுள்ள தொலைவில்தான் கீழூர் மக்களின் உயிர் இருக்கிறது.

அரபியின் அந்த மூன்றெழுத்து வேரில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன என்று கண்டோம். இற்றுப்போவது தானே நடக்கும். அதற்கு யாரும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட வேண்டியதில்லை. சீர்செய்வதற்கோ, ஆறு பேர் தங்கள் பெயரைக் கொடுத்து, 360 நாள் பொறுப்பேற்று, இறுதியில் ஊர்முன் நின்று கணக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.